‘ரன்அவே பாய்ஸ்’: ஸ்ட்ரே கேட்ஸின் முதல் ஹிட் லண்டனில் வந்தது ஏன்?

கேட்கப்பட்ட கேள்வி இதுதான்: ஸ்ட்ரே கேட்ஸ் அமெரிக்கக் குழு. ராக் அண்ட் ரோல் பிறந்ததும் அமெரிக்காவில்தான். அப்படியிருக்க, அவர்களுடைய முதல் ஹிட் ஏன் இங்கிலாந்தில் வந்தது? 1950-களின் இசையை 1980-ல் அப்படியே வாசித்து எப்படி ஜெயித்தார்கள்?

அந்த முதல் ஹிட் ‘ரன்அவே பாய்ஸ்’. 1980 நவம்பரில் அரிஸ்டா இசை நிறுவனம் பிரிட்டனில் வெளியிட்ட சிங்கிள், அதாவது பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சிறிய தட்டு. எழுதியவர்கள் கிடார் வாசித்துப் பாடிய பிரையன் செட்ஸரும் டிரம்ஸ் வாசித்த ஸ்லிம் ஜிம் ஃபேன்டமும். தயாரித்தவர் டேவ் எட்மண்ட்ஸ். தட்டின் மறுபக்கத்தில் ‘மை ஒன் டிசையர்’. பிரிட்டிஷ் இசைத்தட்டு விற்பனைப் பட்டியலில் 9-ஆம் இடம் வரை ஏறியது. முன்பின் தெரியாத மூன்று வெளிநாட்டுப் பையன்கள் முதல் தட்டிலேயே முதல் பத்துக்குள் வந்துவிட்டார்கள்.

கேள்வியில் உள்ள ‘அப்படியே வாசித்து’ என்பதோடு மட்டும் நான் உடன்படமாட்டேன். கருவிகள் பழையவை, உடை பழையது, ஒலியும் பெரும்பாலும் பழையது. பாட்டு மட்டும் அவர்களுடையது. 50-களின் இசையைத் திரும்பக் கொண்டுவந்த மறுமலர்ச்சிக் குழுக்களில் பல, ஏற்கெனவே மக்கள் மனதில் நின்ற பாட்டு ஒன்றைத் திரும்பப் பாடித்தான் கவனம் பெற்றன. இவர்கள் புதுப் பாட்டோடு கதவைத் தட்டினார்கள். அந்தத் துணிச்சலுக்குக் காது கொடுக்கக்கூடிய கூட்டம் அப்போது லண்டனில் இருந்தது, நியூயார்க்கில் இல்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும்.

குழு உருவானது 1979-ல், நியூயார்க் நகரத்துக்குக் கிழக்கே லாங் ஐலண்டில் உள்ள மாசபீக்வா என்ற புறநகர்ப் பகுதியில். செட்ஸர் 1959-ல் பிறந்தவர். ஸ்லிம் ஜிம்மும், டபுள் பேஸ் வாசித்த லீ ராக்கரும் 1961-ல் பிறந்தவர்கள். எல்விஸ் பிரெஸ்லி தன் முதல் சிங்கிளை மெம்ஃபிஸ் நகரின் சன் ஸ்டூடியோவில் பதிவு செய்தது 1954-ல். ஆக, இவர்கள் தவழ்ந்துகொண்டிருந்த காலத்திலேயே அந்த முதல் அலை ஓய்ந்துவிட்டது. தங்கள் இளமையை நினைத்து ஏங்கிப் பாட இவர்களுக்கு அந்தக் காலம் சொந்தமே இல்லை. பழைய தட்டுகளில் இருந்துதான் அந்த இசையைக் கண்டெடுத்தார்கள்.

மூன்று பேரில் யாரும் அரைகுறை வாசிப்பாளர் இல்லை. லீ ராக்கரின் இயற்பெயர் லியான் டிரக்கர். அவருடைய அப்பா ஸ்டான்லி டிரக்கர், நியூயார்க் ஃபில்ஹார்மானிக் இசைக்குழுவில் பல பத்தாண்டுகள் முதன்மை கிளாரினெட் கலைஞராக இருந்தவர். லீ சிறுவயதில் செல்லோ கற்றவர். செட்ஸர் பள்ளியில் யூஃபோனியம் என்ற பித்தளை ஊதுகருவி வாசித்தார், ஜாஸ் கேட்டு வளர்ந்தார். அவருடைய கிடாரில் ஸ்விங் என்ற ஜாஸ் பாணியின் கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) அத்தனை இயல்பாக வந்து விழுவதற்கு இந்தப் பின்னணிதான் காரணம்.

இனி அமெரிக்கா ஏன் கண்டுகொள்ளவில்லை என்பது. அங்கே 1970-களில் ராக் அண்ட் ரோல் ஒரு நினைவுப் பொருளாக மாறிவிட்டிருந்தது. ஷா நா நா என்ற குழு 1969-ல் வுட்ஸ்டாக் விழாவிலேயே 50-களின் பாட்டுகளை வேடம் கட்டி ஆடிப் பாடியது. பின்னர் அவர்களுக்கென்று தனித் தொலைக்காட்சி நிகழ்ச்சியே வந்தது. 1978-ல் வெளியான ‘கிரீஸ்’ படத்தை நம் ஊரிலும் பலர் பார்த்திருப்பீர்கள். இவற்றையெல்லாம் பார்த்த அமெரிக்க ரசிகருக்கு, எண்ணெய் தடவிய முடியும் தோல் ஜாக்கெட்டும் அப்பா அம்மாவின் கல்லூரிக் கால வேடிக்கையாகவே தெரிந்தன. வானொலியில் ஜர்னி, ஃபாரினர், ஸ்டிக்ஸ் போன்ற குழுக்களின் பிரம்மாண்டமான ஸ்டேடியம் ராக். அதற்கு நடுவே மூன்றே கருவிகளோடு நிற்கும் ஒரு குழுவுக்கு எந்த வரிசையில் இடம் கொடுப்பது என்று யாருக்கும் தெரியவில்லை.

இதற்கு எதிராக ஒரு நல்ல வாதமும் உண்டு. குயீன் குழுவின் ‘கிரேஸி லிட்டில் திங் கால்ட் லவ்’ 1979-ல் வெளியாகி, 1980 தொடக்கத்தில் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. அசல் ராக்கபில்லி (கிராமியப் பாட்டும் புளூஸும் கலந்த, 50-களின் ஆரம்ப ராக் அண்ட் ரோல்) சாயல் கொண்ட பாட்டு அது. அமெரிக்கக் காதுகளுக்கு அந்த ஒலி பிடிக்காமல் போகவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் பாடியது குயீன். அவர்கள் எதைக் கொடுத்தாலும் வானொலி எடுத்துக்கொள்ளும் நிலையில் இருந்தவர்கள். லாங் ஐலண்ட் மதுக்கூடங்களில் வாசித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது.

இங்கிலாந்தின் கதை முற்றிலும் வேறு, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1950-களின் தொடக்கத்தில் அங்கே ‘டெடி பாய்’ என்ற உழைக்கும் வர்க்க இளைஞர் கூட்டம் உருவானது. எட்வர்ட் மன்னர் காலத்து நீண்ட கோட்டு, ஒல்லியான பேன்ட், தடித்த ரப்பர் அடி வைத்த ஷூ, நெற்றிக்கு மேல் சுருட்டி ஏற்றிய முடி. ராக் அண்ட் ரோல் கடல் தாண்டி வந்ததும் அதைத் தங்கள் சொந்த இசையாக வரித்துக்கொண்டார்கள். அமெரிக்க ராக் அண்ட் ரோல் பாடகர்களில் பில் ஹேலி 1957-ல் வந்தார், படி ஹாலி 1958-ல் வந்தார். 1960-ல் எடி காக்ரனும் ஜீன் வின்சென்டும் சேர்ந்து பிரிட்டன் முழுக்கச் சுற்றி வாசித்தார்கள். அந்தப் பயணத்தின் முடிவில் சிப்பனம் ஊர் அருகே நடந்த கார் விபத்தில் அடிபட்டு, 21 வயது காக்ரன் பாத் நகர மருத்துவமனையில் இறந்தார். சொந்த நாட்டைவிட இங்கிலாந்தில்தான் அவரை ரசிகர்கள் இன்றுவரை அதிகம் போற்றுகிறார்கள். செட்ஸர் மிகவும் நேசித்த கிடார் கலைஞர்களில் ஒருவர் இந்த எடி காக்ரன். இருவர் கையிலும் இருந்தது ஒரே வகை கிடார். பிற்பாடு 1987-ல் ‘லா பாம்பா’ படத்தில் காக்ரனாக நடித்ததும் செட்ஸர்தான்.

அமெரிக்காவில் அந்த ரசனை நினைவாகிப்போன 70-களில், பிரிட்டனில் இரண்டாம் தலைமுறை டெடி பாய்கள் கிளம்பினார்கள். 1972 ஆகஸ்டில் வெம்ப்ளி மைதானத்தில் நடந்த ராக் அண்ட் ரோல் நிகழ்ச்சிக்கு சக் பெரி, லிட்டில் ரிச்சர்ட், ஜெர்ரி லீ லூயிஸ், பில் ஹேலி எல்லோரும் வந்தார்கள். 1976-ல் இந்த ரசிகர்கள் தங்கள் இசைக்கு வானொலியில் இடம் வேண்டும் என்று கேட்டு பிபிசி-யை நோக்கி லண்டன் தெருக்களில் ஊர்வலமே போனார்கள். பழைய பாட்டுக்காக இளைஞர்கள் கூட்டமாகத் தெருவில் இறங்கிய நாடு அது! பிபிசி ரேடியோ 1-ல் ஸ்டூவர்ட் கோல்மன் இதற்கென்றே ஒரு நிகழ்ச்சி நடத்தினார்.

பட்டியல்களிலும் இந்தச் செல்வாக்கு தெரிந்தது. லெஸ்டர் நகரத்துக் குழுவான ஷோவாடிவாடியின் முதல் சிங்கிள் ‘ஹே ராக் அண்ட் ரோல்’ 1974-ல் 2-ஆம் இடம் வரை போனது. அது அவர்கள் எழுதிய பாட்டுதான். ஆனால் அவர்களுக்கு முதலிடம் வாங்கிக் கொடுத்தது 1976-ல் பாடிய ‘அண்டர் தி மூன் ஆஃப் லவ்’. அது 1961-ல் கர்டிஸ் லீ பாடியதன் மறுபதிப்பு. டார்ட்ஸ் குழு 1977-ல் இரண்டு பழைய பாட்டுகளைக் கோத்து முதல் ஹிட் கொடுத்தது. 1979-ல் மேட்ச்பாக்ஸ் குழுவின் ‘ராக்கபில்லி ரெபெல்’ பட்டியலில் ஏறியது. ஆக, நிலம் பல ஆண்டுகளாக உழுது தயாராக இருந்தது.

லண்டனில் டெடி பாய் மோகம் திரும்ப வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, 1980 கோடையில் மூன்று பேரும் விமானம் ஏறினார்கள். கையில் காசு இல்லை, தங்க இடம் இல்லை. பூங்காவிலும், தெரிந்தவர் வீட்டுத் தரையிலும் படுத்துக் கழித்த நாட்களைப் பற்றிப் பிற்காலப் பேட்டிகளில் அவர்களே பேசியிருக்கிறார்கள். போய் இறங்கிய பிறகுதான் நிலைமை இன்னும் சாதகம் என்று தெரிந்தது. டெடி பாய்களோடு, வேகமும் கோபமும் நிறைந்த பங்க் இசையின் ரசிகர்களும் இவர்களைப் பார்க்கக் கூடினார்கள். 1977-ல் லண்டனின் கிங்ஸ் ரோடு தெருவில் இந்த இரண்டு கூட்டமும் அடிதடியில் இறங்கியதை நினைத்துப் பார்த்தால், ஒரே மேடைக்கு முன்னால் இரு தரப்பும் நின்றது சாதாரண விஷயம் இல்லை. காரணம் ஸ்ட்ரே கேட்ஸிடமே இருந்தது. முடி 50-களின் பாணி என்றாலும் உயரம் பல மடங்கு. கை முழுக்கப் பச்சை குத்தல். வேகமோ பங்க் வேகம். அவர்களுடைய முதல் ஆல்பத்தில் ‘ஸ்டார்ம் தி எம்பசி’ என்று ஒரு பாட்டு இருக்கிறது. 1979-ல் டெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகம் கைப்பற்றப்பட்டதைப் பற்றியது அது. 1956-ஐ நடித்துக் காட்டுவது மட்டுமே நோக்கமாக இருந்திருந்தால் அப்படி ஒரு பாட்டு அந்தத் தட்டில் வந்திருக்காது.

சில மாதங்களிலேயே லண்டனில் பேச்சாகிவிட்டார்கள். ரோலிங் ஸ்டோன்ஸ் உட்படப் பெரிய கலைஞர்கள் அவர்களைப் பார்க்க வந்தார்கள், இசை நிறுவனங்கள் போட்டி போட்டன, கடைசியில் அரிஸ்டாவோடு ஒப்பந்தம் ஆனது. இந்த இடத்தில் டேவ் எட்மண்ட்ஸைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். இந்த ஹிட்டில் அவருக்குள்ள பங்கைப் பலர் கவனிப்பதில்லை. கார்டிஃபில் பிறந்த வேல்ஸ்காரர். 1955-ல் ஸ்மைலி லூயிஸ் பாடிய ‘ஐ ஹியர் யூ நாக்கிங்’ பாட்டைத் தானே புதிதாகப் பதிவு செய்து, 1970 இறுதியில் பிரிட்டனில் ஆறு வாரம் முதலிடத்தில் வைத்திருந்தவர். பழைய தட்டுகளின் ஒலி எப்படி வந்தது என்பதை ஸ்டூடியோவில் உட்கார்ந்து, தானே செய்து பார்த்துக் கற்றவர். 1980-ல் பிரபலமாக இருந்த வேறொரு தயாரிப்பாளரிடம் போயிருந்தால், டிரம்ஸுக்குப் பதினைந்து மைக் வைத்து, அதன்மேல் கீபோர்டையும் ஏற்றி, மூன்று பேரின் ஒலியை மூழ்கடித்திருப்பார் என்பது என் கணிப்பு. எட்மண்ட்ஸ் அந்த மூன்று பேருக்கு நடுவே உள்ள காலி இடத்தைக் காப்பாற்றினார்.

அந்தக் காலி இடம்தான் ‘ரன்அவே பாய்ஸ்’ பாட்டின் உயிர். ஹெட்ஃபோன் மாட்டி, ஒவ்வொரு கருவியாகப் பிரித்துக் கேட்டுப் பாருங்கள்.

முதலில் டபுள் பேஸைக் கவனியுங்கள். ஆள் உயரம் இருக்கும் அந்த மரக் கருவியை ராக்கபில்லிக்காரர்கள் ‘ஸ்லாப்’ செய்வார்கள். கம்பியை விரலால் கொக்கி போட்டு இழுத்து விட்டால் அது ஃபிங்கர்போர்டில் மோதி ‘டக்’ என்று சொல்லும். அதோடு சுரமும் கேட்கும். உடனே உள்ளங்கையால் கம்பிகளைத் தட்டினால் சுரம் இல்லாத இன்னொரு ‘டக்’. எல்விஸின் முதல் சிங்கிளில் டிரம்ஸே கிடையாது. பில் பிளாக்கின் பேஸ்தான் அங்கே தாளத்தையும் தாங்கியது. லீ ராக்கர் அதே வேலையை இன்னும் வேகமாகவும் அழுத்தமாகவும் செய்கிறார்.

அதனால்தான் ஸ்லிம் ஜிம்மால் இரண்டு மூன்று துண்டு டிரம்ஸோடு நிற்க முடிந்தது. ஒரு பேஸ் டிரம், ஒரு ஸ்னேர், ஒரு சிம்பல், அவ்வளவுதான். அதையும் உட்காராமல் நின்றுகொண்டே வாசிப்பார். பலர் இதை மேடைக் கவர்ச்சி என்று மட்டும் நினைக்கிறார்கள். கவர்ச்சிதான், மறுக்கவில்லை. ஆனால் சாதாரணமாக ஹை-ஹாட் (காலால் மூடித் திறக்கும் ஜோடி சிம்பல்) செய்யும் ‘டிக் டிக்’ வேலையைப் பேஸின் ஸ்லாப் எடுத்துக்கொண்டதால், அவர் கைகளுக்கு விடுதலை கிடைத்தது. ஸ்னேரை மட்டும் ஓங்கி அடித்தால் போதும். மூன்று பேர் வாசித்தும் ஒலி மெலிந்து தெரியாததன் ரகசியம் இந்த வேலைப் பங்கீட்டில்தான் இருக்கிறது.

கிடார் 1959-ல் செய்யப்பட்ட கிரெட்ச் 6120. ஆரஞ்சு நிறம், உள்ளே குடைவான உடல், சுருதியை நடுங்க வைக்கும் பிக்ஸ்பி கைப்பிடி. செட்ஸர் அதைப் பதின்ம வயதில் 100 டாலர் அளவில் வாங்கினார். அப்போது எல்லோருக்கும் லெஸ் பால், ஸ்ட்ராடோகாஸ்டர் என்ற கிடார் மாடல்கள்தான் வேண்டும், கிரெட்ச் யாருக்கும் வேண்டாத பழைய சாமான். அந்தக் கிடாரின் மணியடிக்கும் ஒலிக்கு மேல் கொஞ்சம் ஸ்லாப்பேக் எதிரொலி. சன் ஸ்டூடியோவில் அதன் உரிமையாளர் சாம் ஃபிலிப்ஸ் இந்த எதிரொலியை இரண்டாவது டேப் இயந்திரம் வைத்து உண்டாக்கினார். டேப் பதிவு முனையிலிருந்து ஒலிப்பு முனைக்குப் போய்ச் சேர எடுக்கும் நேரம், ஒரு நொடியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. அந்த இடைவெளியில் ஒலி ஒரே ஒரு முறை திரும்ப வரும். குரலோ கிடாரோ, ஒரு சிறிய அறையின் சுவரில் பட்டுத் திரும்புவது போலக் கேட்கும்.

இதையெல்லாம் விட எனக்கு முக்கியமாகப் படுவது பாட்டின் மனநிலை. 50-களைத் திரும்பக் கொண்டுவந்த பெரும்பாலான ஹிட்டுகள் குதூகலமானவை. கோரஸ் வந்ததும் கைதட்டச் சொல்லும். ‘ரன்அவே பாய்ஸ்’ அப்படி இல்லை. சோகம் தொனிக்கும் மைனர் சுரவரிசையின் இருண்ட சாயல், இறுக்கமாகச் சுழலும் பேஸ் வரி, யாரோ துரத்துகிற உணர்வு. சொல்லும் விஷயமும் அதுதான்: வீட்டை விட்டு ஓடிவந்த, இன்னும் வயது நிரம்பாத பையன்களின் கதை. பாட்டு வெளியானபோது இரண்டு பேருக்கு 19 வயது, செட்ஸருக்கு 21. ஊரை விட்டுக் கிளம்பி, அந்நிய நகரத்தில் படுக்க இடம் தேடியவர்கள் பாடும்போது அந்த வரிகளில் நடிப்பு தெரியவில்லை. ராக் அண்ட் ரோல் முதலில் ஏன் பெற்றோரைப் பயமுறுத்தியது என்பதை இந்தச் சின்னத் தட்டு ஞாபகப்படுத்தியது. மறுபதிப்புப் பாட்டால் அதைச் செய்திருக்க முடியாது என்றுதான் நான் நினைக்கிறேன். பழகிய பாட்டு காதுக்கு ஆறுதல் தரும். பயம் தராது.

அந்த நவம்பர், டிசம்பர் பட்டியலைப் பார்ப்பதும் சுவாரசியம். அபாவின் ‘சூப்பர் ட்ரூப்பர்’ முதலிடத்தில் இருந்தது. டிசம்பர் 8 அன்று ஜான் லெனன் கொல்லப்பட்டார். அவருடைய ‘ஸ்டார்ட்டிங் ஓவர்’ மேலேறி முதலிடம் போனது. லெனன் அந்தப் பாட்டையே எல்விஸ், ராய் ஆர்பிசன் காலத்துப் பாணியில்தான் பாடியிருந்தார். ராக் அண்ட் ரோலின் முதல் அலையைக் கேட்டு வளர்ந்த 40 வயதுக்காரர் ஒருவரும், அதைத் தட்டுகளில் மட்டுமே அறிந்த இளைஞர்களும் ஒரே மாதத்தில் அதே ஊற்றுக்குத் திரும்பியிருந்தார்கள்.

அப்புறம் நடந்தவை பெரும்பாலும் தெரிந்த கதைதான். 1981-ல் ‘ராக் திஸ் டவுன்’ பிரிட்டனில் மீண்டும் 9-ஆம் இடம், ‘ஸ்ட்ரே கேட் ஸ்ட்ரட்’ 11-ஆம் இடம். அந்த ஆண்டு இறுதியில் வந்த இரண்டாவது ஆல்பம் ‘கானா பால்’ அவ்வளவாக எடுபடவில்லை. ஆனால் 1981 ஆகஸ்டில் அமெரிக்காவில் எம்டிவி தொடங்கியிருந்தது. ஒளிபரப்ப வீடியோக்கள் தேவைப்பட்ட அந்தத் தொலைக்காட்சிக்கு, பார்த்ததும் மறக்க முடியாத இந்த மூன்று உருவங்கள் நன்றாகப் பொருந்தின. 1982-ல் ஈஎம்ஐ அமெரிக்கா, இரண்டு பிரிட்டிஷ் ஆல்பங்களிலிருந்து 11 பாட்டுகளையும் ஒரு புதுப் பாட்டையும் சேர்த்து ‘பில்ட் ஃபார் ஸ்பீட்’ என்று வெளியிட்டது. அது அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 2-ஆம் இடம் வரை போனது. ‘ராக் திஸ் டவுன்’ அங்கே 9-ஆம் இடம், ‘ஸ்ட்ரே கேட் ஸ்ட்ரட்’ 3-ஆம் இடம். ‘ரன்அவே பாய்ஸ்’ அந்த ஆல்பத்தில் இருந்தும் அமெரிக்காவில் ஹிட் ஆகவில்லை. அதனால்தான் அமெரிக்க ரசிகர்கள் பலர் ‘ராக் திஸ் டவுன்’தான் முதல் ஹிட் என்று சொல்வார்கள். அவர்கள் நாட்டுக் கணக்கில் அது சரிதான்.

இந்த வெற்றியின் இன்னொரு பலன் கிரெட்ச் கிடார்களுக்குக் கிடைத்தது. 80-களின் தொடக்கத்தில் உற்பத்தியே நின்றுபோன அந்தப் பெயரை 1985-ல் கிரெட்ச் குடும்பம் திரும்ப வாங்கியது. 90-களில் செட்ஸர் பெயரிலேயே ஒரு மாடல் வந்தது. 100 டாலர் பழைய சாமானாகக் கிடந்த 6120-க்கு இன்று பழைய கிடார் சந்தையில் உள்ள மதிப்பை, கிடார் வாசிப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

கேட்கத் தொடங்குபவர்களுக்கு ஒரு வரிசை சொல்கிறேன். முதலில் எல்விஸின் ‘தட்ஸ் ஆல் ரைட்’, ஸ்லாப் பேஸ் மட்டும் கவனித்து. அடுத்து எடி காக்ரன் பாடிய எதுவானாலும். பிறகு ‘ரன்அவே பாய்ஸ்’. உடனே அதன் மறுபக்கமான ‘மை ஒன் டிசையர்’. கடைசியாக ‘ஸ்ட்ரே கேட் ஸ்ட்ரட்’ வையுங்கள். அதில் செட்ஸருக்குள் இருக்கும் ஜாஸ் கலைஞர் முழுதாக வெளியே வருகிறார். 1998-ல் ஒரு பெரிய ஸ்விங் இசைக்குழுவோடு ‘ஜம்ப் ஜைவ் அண்ட் வெயில்’ பாடி அவர் மறுபடி ஹிட் கொடுத்தபோது, இந்தப் பாட்டைக் கூர்ந்து கேட்டிருந்தவர்கள் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள்.